சனிக்கிழமைக் காலைக் குஸ்தி

‘எல்லாம் பொய்ச் சண்டைதானே!’ என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவதற்குக் குஸ்தியைப்போல் வசதியான விஷயம் வேறொன்று கிடையாது. அப்படிச் சொல்கிறவருக்குச் செலவில்லாமல் ஓர் அறிவாளிப் பட்டமும் கிடைத்துவிடுகிறது. ஆனால் பதினெட்டாம் போர்க் கூத்தில் துரியோதனன் விடிவதற்குள் மாண்டு போவான் என்பது தெரியாமலா நம் ஊர்களில் ஜனங்கள் பாயை விரித்துக்கொண்டு இரவெல்லாம் உட்கார்ந்திருக்கிறார்கள்? முடிவு தெரிந்த சண்டையைப் பார்ப்பதிலும் ஒரு சுகம் உண்டு. அந்தச் சுகத்தை வாரந்தோறும் தொலைக்காட்சியில் தொழிலாகச் செய்து காட்டிய சிலரைப் பற்றி, அதிலும் அமெரிக்காவில் மெம்ஃபிஸ் என்ற ஒரே ஒரு நகரத்துப் பயில்வான்களைப் பற்றி, என் அபிப்பிராயத்தை இங்கே சொல்லலாமென்று நினைக்கிறேன்.

மெம்ஃபிஸ் நமக்கு எதற்கு என்று நண்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அண்டர்டேக்கர், ராக் முதலிய பயில்வான்களின் படம் போட்ட சீட்டுக்கட்டைப் பள்ளிக்கூடப் பையில் ஒளித்து வைத்திருந்து, வாத்தியாரிடம் பறிகொடுத்தவர்கள் நம் சங்கத்தில் பத்துப் பேராவது இருப்பார்கள். அந்த அண்டர்டேக்கர் 1989-ஆம் ஆண்டில் ‘மாஸ்டர் ஆஃப் பெயின்’ என்ற பெயரில் மெம்ஃபிஸ் கோதாவில் இறங்கியவர்தாம். ராக் 1996-இல் அங்கே ‘ஃப்ளெக்ஸ் கவானா’ என்ற பெயரோடு பயின்றார். ஹல்க் ஹோகன் 1979-இல் ‘டெர்ரி போல்டர்’ என்ற பெயரில் அவ்வழியே வந்து போனார். நாம் சிறு வயதில் கண்ட மாளிகைக்கு அஸ்திவாரக் கற்களில் ஒன்று அந்த ஊரில் கிடக்கிறது.

இப்போது குஸ்தி என்றால் ஒரு பெருங்கம்பெனி, உலகம் முழுவதற்கும் ஒரே நிகழ்ச்சி. 1980-களின் நடுப்பகுதிவரை அப்படி இல்லை. அமெரிக்காவும் கனடாவும் ஏறத்தாழ இருபது முப்பது பிராந்தியங்களாகப் பிரிந்திருந்தன. ஒவ்வொரு பிராந்தியத்துக்கும் ஒரு காண்டிராக்டர், அவருக்கென்று சில பயில்வான்கள், உள்ளூர்த் தொலைக்காட்சி நிலையத்தில் வாரத்துக்கு ஒரு மணி நேரமோ ஒன்றரை மணி நேரமோ ஒரு நிகழ்ச்சி. ஒருவருடைய எல்லைக்குள் மற்றவர் நுழைவதில்லை என்பது எழுதாத ஒப்பந்தம். 1948-இல் இந்தக் காண்டிராக்டர்கள் பலர் சேர்ந்து ‘தேசியக் குஸ்தி கூட்டணி’ என்று ஒரு சங்கமும் அமைத்துக்கொண்டார்கள். இது போட்டியை நசுக்கும் ஏற்பாடு என்று அமெரிக்க அரசாங்கமே வழக்குத் தொடுத்து, 1956-இல் கட்டுப்பாடுகளை ஒப்புக்கொள்ளச் செய்தது. பழங்காலத்தைப் புகழ்கிறவர்கள் இந்த வழக்கைச் சொல்வதில்லை.

புகழ்கிறவர்கள் சொல்வது இது: ‘அந்தக் காலத்துக் குஸ்தி உண்மையானது. இந்தக் காலத்துக் குஸ்தி வெறும் வியாபாரம்.’ அன்றும் வியாபாரந்தான், அன்றும் முடிவு முன்னாலேயே தீர்மானிக்கப்பட்டதுதான். ஆகையால் அந்த ஏக்கத்தில் எனக்குப் பங்கு கிடையாது. என்னுடைய ஏக்கம் வேறு. அன்று பொய் சொன்னவன், அந்தப் பொய்யைக் கேட்டவர்களோடு அதே ஊரில் குடியிருந்தான். சனிக்கிழமை ஒரு பொய்யைச் சொல்லிவிட்டுத் திங்கட்கிழமை அவர்கள் முகத்தில் விழிக்க வேண்டியிருந்தது. பிராந்தியக் குஸ்தியின் பெருமையும் சிறுமையும் இந்த ஓர் ஏற்பாட்டிலிருந்தே கிளம்பின என்று நான் கருதுகிறேன்.

அந்த ஏற்பாடு நடந்த விதத்தைக் கொஞ்சம் விவரமாகவே சொல்லுகிறேன். சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு மெம்ஃபிஸின் ஐந்தாம் எண் தொலைக்காட்சி நிலையத்தில், செய்தியும் வானிலையும் வாசிக்கிற அதே கட்டடத்தில், ஒரு கோதாவைப் போட்டு ஒன்றரை மணி நேரம் நேரடியாக ஒளிபரப்புவார்கள். சிறிய கூடம். பார்வையாளர் சிலரே. அங்கே நடக்கும் சண்டைகளும் சுருக்கமானவை. பெயர் பெற்ற பயில்வான் ஒருவர் பெயர் தெரியாத ஒருவரை நாலு நிமிஷத்தில் புரட்டிவிடுவார். பிறகு ஒலிபெருக்கியின் முன் வந்து நின்று தம் எதிரியை ஏசுவார். ஏசிக்கொண்டிருக்கும்போதே எதிரி நாற்காலியோடு ஓடிவருவான். ரகளை. பஞ்சாயத்து. ‘திங்கட்கிழமை இரவு கோலிசியத்துக்கு வா, பார்த்துக்கொள்ளலாம்!’ அவ்வளவுதான், நிகழ்ச்சி முடிந்தது. உண்மையான சண்டைக்குத் திங்கட்கிழமை டிக்கெட் வாங்க வேண்டும். பத்தாயிரம் பேருக்கு மேல் கொள்ளும் மிட்-சவுத் கோலிசியம் என்னும் அரங்கம் 1964 முதல் அந்த ஊரில் இருந்தது. தொலைக்காட்சி நிகழ்ச்சி என்பது அந்த அரங்கத்து டிக்கெட்டுக்கு ஒன்றரை மணி நேர விளம்பரம். ஆனால் எப்பேர்ப்பட்ட விளம்பரம்! ஊரில் பாதிப் பேர் காலைப் பலகாரத்தை வைத்துக்கொண்டு அதைப் பார்த்தார்கள் என்பார்கள்.

அறிவிப்பாளர் இருவர். ஒருவர் லான்ஸ் ரஸ்ஸல், நீண்ட மூக்கும் நிதானமான குரலும் உள்ளவர். மற்றவர் டேவ் பிரவுன், அதே நிலையத்தில் வானிலை அறிக்கை வாசித்தவர். இந்த ஏற்பாட்டின் சாமர்த்தியத்தை எண்ணி நான் பலமுறை வியந்திருக்கிறேன். நாளைக்கு மழை வருமா என்று மாலையில் சொல்லுகிற மனிதர்தாம், இன்னார் இன்னாரை முதுகில் குத்திவிட்டார் என்று காலையில் சொல்லுகிறார். மழையை நம்புகிறவன் இதை எப்படி நம்பாமலிருப்பான்? (மழையாவது சில நாள் பொய்த்திருக்கும், திங்கட்கிழமைக் குஸ்தி பொய்த்ததில்லை.) ரஸ்ஸலோ ஒருபோதும் கத்தமாட்டார். கோதாவில் ஒருவன் நெற்றி கிழிந்து கிடக்கும்போது, பக்கத்து வீட்டுப் பையன் ஜன்னலை உடைத்துவிட்டதைக் கண்டு வருந்தும் பெரியவரைப்போல, ‘என்ன இது, இப்படிச் செய்யலாமா?’ என்ற பாவனையில் பேசுவார். இன்றைய அறிவிப்பாளர்கள் கூவுகிற கூவலில் எனக்கு ஒன்றும் நிலைப்பதில்லை. ரஸ்ஸல் பெருமூச்சு விட்டால் நெஞ்சு திக்கென்கிறது. தொண்ணூறு வயதைத் தாண்டி 2017-இல் அவர் காலமானார்.

கதாநாயகன் ஜெர்ரி லாலர், உள்ளூர்ப் பிள்ளை. பள்ளிப் பருவத்தில் பயில்வான்களைப் படமாக வரைந்து தொலைக்காட்சி நிலையத்துக்கு அனுப்ப, ரஸ்ஸல் அந்தப் படங்களை நிகழ்ச்சியில் காட்டினார். அப்படி உள்ளே நுழைந்தவர், ஊரின் மூத்த நட்சத்திரமான ஜாக்கி ஃபார்கோவை 1974-இல் தோற்கடித்து ‘ராஜா’ என்று முடிசூட்டிக்கொண்டார். அதற்குப் பிறகு இருபது ஆண்டுகளுக்கு மேல் மெம்ஃபிஸில் ராஜா என்றால் அவர்தாம். பாட்டுக்கு வேறொரு ராஜா அங்கே இருந்தது வேறு விஷயம். லாலருக்குப் பெரிய புஜபலம் கிடையாது. நம் விடுதியில் உடற்பயிற்சி செய்கிற சில நண்பர்களின் உடம்பு அவருடைய உடம்பைவிட நன்றாகவே இருக்கும். அவருக்கு வாய் இருந்தது, கை முஷ்டியை ஓங்குவதில் ஓர் அழகு இருந்தது, எந்த நேரத்தில் கூட்டத்தைத் திரும்பிப் பார்க்க வேண்டும் என்ற கணக்கும் தெரிந்திருந்தது. அவருக்கு நெடுநாள் எதிரியாக இருந்து கூச்சல் போட்டுக் கூட்டத்தை வெறியேற்றிய ஜிம்மி ஹார்ட்டும் உள்ளூர்க்காரர்தாம். 1965-இல் பிரபலமான ஒரு பாட்டுக் கோஷ்டியில் பாடியவர். லாலர் படித்த பள்ளியிலேயே படித்தவர். நாயகனும் துஷ்டனும் ஒரே பள்ளிக்கூடம்! ஊரில் இது யாருக்குத் தெரியாது? தெரிந்தும் வந்தார்கள், தெரிந்ததனாலேயே வந்தார்கள்.

ஐம்பத்திரண்டு திங்கட்கிழமை. அதே அரங்கம், அதே ஜனங்கள், பெரும்பாலும் அதே பத்துப் பன்னிரண்டு பயில்வான்கள். கதை தீர்ந்து போகாமல் இருக்க என்னென்னவோ செய்தார்கள். தோற்றவன் தலையை மொட்டையடித்துக்கொள்ள வேண்டும். தோற்றவன் ஊரை விட்டே போய்விட வேண்டும். இந்த இரண்டாவது நிபந்தனையை எண்ணினால் எனக்குச் சிரிப்பு வரும். அந்தப் பயில்வானுக்கு வேறு பிராந்தியத்தில் ஆறு மாதம் வேலை கிடைத்திருக்கும். அதைத்தான் அப்படிச் சண்டையாக்கிவிடுவார்கள். உத்தியோக மாற்றல் உத்தரவை இவ்வளவு சுவாரஸ்யமாகப் படித்துக் காட்டிய இலாகா உலகத்தில் வேறு இருக்காது. 1979-இல் டுப்பலோ என்ற சிற்றூரில் லாலரும் பில் டண்டியும் ஒரு பக்கம், வேறு இருவர் ஒரு பக்கமாகச் சண்டையிட்டார்கள். ஆட்டம் முடிந்து மணி அடித்த பிறகும் சண்டை ஓயவில்லை. கோதாவைத் தாண்டித் தின்பண்டக் கடைக்குள் புகுந்தது. கடுகுக் குழம்பு ஜாடிகள் பறந்தன. தரையெல்லாம் மஞ்சள். ரஸ்ஸல் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடுகிறார். பிற்காலத்தில் பெருங்கம்பெனிகள் கோடிக்கணக்கில் செலவிட்டுச் செய்த தடபுடல்களுக்கெல்லாம் அந்த மஞ்சள் தரைதான் மூலப் பிரதி.

ஆண்டி காஃப்மன் கதையைச் சொல்லாமல் மெம்ஃபிஸைப் பற்றி எழுத முடியாது. அவர் நியூயார்க்கில் பிறந்த நகைச்சுவை நடிகர், நாடு முழுவதும் தெரிந்த முகம். மேடையில் பெண்களோடு குஸ்தி போட்டு, ‘நான் ஆண்-பெண் குஸ்தியில் உலக சாம்பியன்’ என்று பீற்றிக்கொள்வது அவருடைய வேடிக்கை. நியூயார்க்கின் குஸ்திக் காண்டிராக்டர் அவரை வாசலிலேயே மறித்துவிட்டார். மெம்ஃபிஸ்காரர்கள் வரவேற்றார்கள். காஃப்மன் தொலைக்காட்சியில் தோன்றி, தென்மாநில மக்களுக்கு ‘இதுதான் சோப்பு, இதை இப்படித் தேய்த்துக் குளிக்க வேண்டும்’ என்று பாடம் நடத்தினார். ஊர் கொதித்தது. 1982 ஏப்ரல் 5-ஆம் தேதி கோலிசியத்தில் லாலர் அவரைத் தலைகீழாகத் தூக்கித் தொடைகளுக்கிடையே இறுக்கிக்கொண்டு அப்படியே உட்கார்ந்தார். ‘பைல்டிரைவர்’ என்பது அந்தப் பிடிக்குப் பெயர். மெம்ஃபிஸில் அது தடை செய்யப்பட்ட பிடியாதலால் சட்டப்படி லாலர் தோற்றார், ஊர் ஜெயித்தது. காஃப்மன் ஆஸ்பத்திரிக்குப் போனார். கழுத்தில் பட்டையோடு மாதக்கணக்கில் திரிந்தார். அதே ஆண்டு ஜூலையில் டேவிட் லெட்டர்மனின் இரவு நிகழ்ச்சியில் இருவரும் அருகருகே உட்கார்ந்தபோது லாலர் அறைந்த அறையில் காஃப்மன் நாற்காலியிலிருந்து கீழே விழுந்தார். இருவரும் உள்ளூர நண்பர்கள், எல்லாம் பேசி வைத்துச் செய்தது என்பது 1984-இல் காஃப்மன் முப்பத்தைந்து வயதில் காலமாகிப் பல ஆண்டுகள் கழித்தே வெளிவந்தது. தொழில் இரகசியத்தைக் காப்பதற்கு அவர்கள் பாஷையில் ‘கேஃபேப்’ என்று பெயர். அதைக் காஃப்மன் சாகும்வரை காத்தார். தொழில்முறைப் பயில்வான்களிலேயே எத்தனை பேர் அப்படிக் காத்தார்கள்?

அன்று கோலிசியத்தில் எழுந்த கூச்சல் எனக்கு நன்றாகப் புரிகிறது. வடக்கேயிருந்து வருகிறவர்கள் தங்களை அழுக்கர், படிப்பில்லாதவர் என்று கேலி செய்வதை அந்த ஜனங்கள் பிறந்தது முதல் கேட்டுக் கேட்டுப் பழகியவர்கள். நம் நிலைமை அவ்வளவு மோசமில்லை. இருந்தாலும் ‘மதராஸி’ என்று ஒருவன் இங்கே நம்மை அழைத்து இட்டிலி சாம்பாரைப் பற்றி ஒரு ஹாஸ்யம் சொல்லும்போது, நாமும் ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறோம். கோபங்கூட அல்ல, ஒருவித அலுப்பு. திட்டுவதற்காவது நம் ஊரைத் தெரிந்துகொண்டு திட்டக்கூடாதா என்று இருக்கும். அப்படிச் சிரித்து நகர்ந்து பழகிப்போன ஓர் ஊருக்கு, ‘திங்கட்கிழமை வா, பதில் சொல்லுகிறோம்’ என்று ஒருவன் அதன் சார்பில் சொன்னான். அது நாடகந்தான். நாடகமாகவாவது நமக்கு யார் செய்கிறார்கள்?

ஆனால் இதே கோதாவில் இன்னும் பெரிய காரியமும் நடந்திருக்கிறது. இன்னும் சிறிய காரியமும் நடந்திருக்கிறது. முதலில் பெரியது. லாலரின் காலத்துக்கு முன்னால், 1950-களின் இறுதியில், ஸ்புட்னிக் மன்றோ என்றொரு வெள்ளைக்காரப் பயில்வான் மெம்ஃபிஸில் இருந்தார். பெயரே ஒரு கதை. ருஷ்யா 1957-இல் விண்ணில் செயற்கைக் கோளை விட்ட சமயம். ஒரு கறுப்பின இளைஞனின் தோளில் கைபோட்டுக்கொண்டு அவர் வந்ததைக் கண்ட ஒரு வெள்ளைக்கார மாது, தனக்குத் தெரிந்த மகா கொடிய வசவாக, ‘ஸ்புட்னிக்!’ என்று திட்டினாளாம். அவர் அந்த வசவையே பட்டமாக்கிக்கொண்டார். கோதாவில் அவர் துஷ்டன். வெள்ளையர்கள் காறி உமிழ்வார்கள். துஷ்டன் வேஷத்தின் சௌகரியம் என்னவென்றால், கெட்ட பெயருக்குப் பயப்பட வேண்டியதில்லை. கறுப்பின மக்களின் கடைத்தெருவான பீல் தெருவுக்குப் பகட்டாக உடுத்திக்கொண்டு போவார். அவர்களோடு உட்கார்ந்து குடிப்பார். போலீசார் ஏதோ ஒரு சில்லறைக் குற்றத்தைச் சாட்டிப் பிடித்துப் போவார்கள். அவர் ஒரு கறுப்பின வக்கீலை அமர்த்திக்கொண்டு நீதிமன்றத்தில் நிற்பார். மறுநாள் மீண்டும் பீல் தெரு.

அப்போது எல்லிஸ் மண்டபத்தில் கறுப்பின ரசிகர்களுக்கு மேல்மாடத்தில் ஒரு மூலை மாத்திரமே. மன்றோவைப் பார்க்க அவர்கள் திரளாக வந்தார்கள். அந்த மூலை நிரம்பியதும் மற்றவர்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ‘எல்லா இடத்தையும் அவர்களுக்குத் திறந்துவிடுங்கள், இல்லையேல் நான் கோதாவில் இறங்கமாட்டேன்’ என்று மன்றோ பிடிவாதம் பிடித்தார். காண்டிராக்டருக்கு நீதியில் பற்றுண்டோ இல்லையோ, வசூலில் பற்று உண்டு. இருக்கைகள் திறந்தன. மெம்ஃபிஸில் வெள்ளையரும் கறுப்பரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்த முதல் பொதுக் கேளிக்கைகளில் குஸ்தியும் ஒன்றாயிற்று. ஊர்ப் பெரியவர்கள் கமிட்டி போட்டு யோசித்துக்கொண்டிருந்த காலத்தில், ‘பொய்ச் சண்டை’ போடுகிறவன் ஒருவன் அதைச் செய்து முடித்தான். 2006-இல் அவர் காலமானார்.

இனிச் சிறியது. இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்து, 1982-இல், அதே ஊர்க் குஸ்தியில் ‘கமலா’ என்றொரு பயில்வான் தோன்றினார். நம் வீடுகளில் அத்தை பெயராக இருக்கக்கூடிய இந்தப் பெயரைத் தாங்கியவர் உகாண்டாவிலிருந்து வந்த ராட்சசன், மனிதரைத் தின்பவன், இடி அமீனுக்கு மெய்க்காவலனாக இருந்தவன் என்று விளம்பரம். முகத்தில் வர்ணம், உடம்பில் நட்சத்திரமும் பிறையும், கையில் ஈட்டி, இடுப்பில் சிறுத்தைப்புலித் துணி. அவர் காட்டில் திரிவதாக ஒரு படம் காட்டினார்கள். அது ஆப்பிரிக்கா அல்ல; காண்டிராக்டர் ஜெர்ரி ஜாரெட்டின் சொந்தப் பண்ணை. மூடுபனி உலர்பனிக்கட்டியின் உபயம். வர்ணம் பூசும் யோசனை சித்திரக்காரரான லாலருடையது. ராட்சசனின் உண்மைப் பெயர் ஜேம்ஸ் ஹாரிஸ். மெம்ஃபிஸுக்குத் தெற்கே சிறிது தூரத்தில் உள்ள மிசிசிப்பிச் சிற்றூரில் பிறந்து வளர்ந்தவர், லாரி ஓட்டியவர். நன்றாகப் பாடுவார், பாட்டும் எழுதுவார். அப்படிப்பட்டவர் கமலாவாக இருந்த காலமெல்லாம் ஒலிபெருக்கியின் முன் ஒரு வார்த்தை பேசக்கூடாது. உறுமலாம், வயிற்றைத் தட்டிக்கொள்ளலாம். நாயகனின் வாய்தான் அவன் சம்பாத்தியம் என்று மேலே சொன்னேன். இவருடைய வாயைக் கட்டிவிட்டார்கள்.

இதைப் பார்த்துக்கொண்டிருந்த கூட்டத்தில், மன்றோவினால் கீழ்த்தளத்தில் உட்காரும் உரிமை பெற்றவர்களும் இருந்திருப்பார்கள் அல்லவா? அந்த எண்ணம் வந்ததிலிருந்து, பழைய குஸ்தியைப் பற்றி யாராவது கண்ணில் நீர் மல்கப் பேசினால் எனக்கு முழுதும் ஒத்துப் பாட முடிவதில்லை. கமலா அமெரிக்கா முழுவதும் பெயர் பெற்றார். 1992-இல் அண்டர்டேக்கரோடும் மோதினார். நீரிழிவினால் 2011-இல் ஒரு காலையும் 2012-இல் மற்றொரு காலையும் இழந்தார். அந்திமக் காலத்தில் ரசிகர்கள் அனுப்பிய உதவியை எதிர்பார்க்கும்படி ஆயிற்று. 2015-இல் அவருடைய சுயசரிதை வந்தது. ‘கமலா பேசுகிறார்’ என்று அதற்குப் பெயர். 2020-இல் காலமானார்.

கமலாவின் கதை ஒருவருடைய கதை மட்டுமல்ல. பிராந்தியக் குஸ்தியில் மாதச் சம்பளம் கிடையாது. அன்றைய வசூலைப் பார்த்துக் காண்டிராக்டர் கொடுப்பதுதான் கூலி. காப்பீடு இல்லை, ஓய்வூதியம் இல்லை. திங்கள் மெம்ஃபிஸ், செவ்வாய் லூயிவில், புதன் எவன்ஸ்வில் என்று வாரம் முழுவதும் சுற்று. மெம்ஃபிஸிலிருந்து லூயிவில் 600 கிலோமீட்டர். ஒரே காரில் நாலு பேர் நெருக்கி உட்கார்ந்துகொண்டு இரவோடிரவாகப் போவார்கள். அதிலும் நாயகனும் துஷ்டனும் ஒரே காரில் போகக்கூடாது, யாராவது பார்த்துவிட்டால் கதை கெட்டுவிடும். லாலர் 1980-இல் கால்பந்து ஆடப் போய்க் காலை முறித்துக்கொண்டார். அந்த ஆண்டில் பெரும்பகுதி அவரில்லாமல் போயிற்று, வசூல் விழுந்தது, வசூல் விழுந்தால் எல்லார் கூலியும் விழும். ஒருவர் காலில் இருபது குடும்பத்தின் அடுப்பு எரிந்திருக்கிறது.

‘பொய்ச் சண்டை’ நண்பர்களுக்காக, பௌதிகம் படிக்கிறவன் என்ற முறையில் ஒரு சின்னக் கணக்கு. 100 கிலோகிராம் எடையுள்ள மனிதர் ஒரு மீட்டர் உயரத்திலிருந்து முதுகு பட விழுகிறார். ஏறத்தாழ 1000 ஜூல் சக்தி எங்கேயாவது போய்த்தானே ஆக வேண்டும்? கோதாவின் பலகையும் அதன்மேல் விரித்த மெல்லிய மெத்தையும் ஒரு பங்கை ஏற்றுக்கொள்ளும். மிச்சம் முதுகெலும்புக்கு. ஓர் இரவில் பத்துத் தடவை, வாரத்துக்கு ஆறு இரவு, இருபது வருஷம். முடிவைத்தான் முன்கூட்டித் தீர்மானிக்கலாம், புவியீர்ப்பை அல்ல.

இந்த உலகம் மறைந்ததற்குக் காரணம் ரசிகர்களின் சலிப்பு அல்ல. கேபிளும் விண்கோளும் வந்தன. ஓர் ஊரின் நிகழ்ச்சி நாடு முழுவதும் தெரியலாயிற்று. நியூயார்க் கம்பெனியைத் தந்தையிடமிருந்து 1982-இல் விலைக்கு வாங்கிய வின்ஸ் மக்மஹோன், எல்லையாவது ஒப்பந்தமாவது என்று புறப்பட்டார். 1984 ஜூலை 14-ஆம் தேதி அட்லாண்டா நிலையத்தில் வழக்கமான தென்மாநிலக் குஸ்தியை எதிர்பார்த்து உட்கார்ந்தவர்கள், திடீரென்று மக்மஹோனின் முகத்தைக் கண்டார்கள். அந்த வேளையை அவர் வாங்கிவிட்டிருந்தார். ஏராளமான கண்டனக் கடிதங்களும் தொலைபேசி அழைப்புகளும் வந்தன. பயன் இல்லை. பிராந்தியங்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. 1989-இல் மக்மஹோனின் கம்பெனியே நியூஜெர்சி மாநிலச் சட்டசபையின் முன், ‘இது விளையாட்டுப் போட்டி அல்ல, கேளிக்கைதான்’ என்று எழுத்து மூலம் ஒப்புக்கொண்டது. விளையாட்டு வாரியத்தின் மேற்பார்வையிலிருந்து தப்புவதற்காகச் சொன்ன சத்தியம் அது! மெம்ஃபிஸ் மாத்திரம் பெயரை மாற்றிக்கொண்டு, கூட்டம் குறைந்து, 1997-வரை தள்ளாடியது. கோலிசியம் 2006-இல் மூடப்பட்டது.

நம் நாட்டிலும் தாராசிங், கிங்காங் சண்டைகளை நேரில் பார்த்த தாத்தாக்கள் சில வீடுகளில் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டால் சண்டையைவிட அதற்குப் போன கதையைத்தான் அதிகம் சொல்வார்கள்: யாரிடம் காசு வாங்கினோம், எப்படிச் சுவரேறிக் குதித்தோம் என்று. மெம்ஃபிஸிலும் அப்படித்தான். ஆனால் வாய்மொழி தவிர வேறு சாட்சி குறைவு. அக்காலத்தில் ஒளிப்பதிவு நாடா விலையுயர்ந்த சரக்கு. நேற்றைய நிகழ்ச்சியை அழித்து அதன்மேல் இன்றைய நிகழ்ச்சியைப் பதிவார்கள். 1960-களிலும் 1970-களிலும் நடந்ததில் பெரும்பகுதி இப்படி மறைந்துவிட்டது. மிஞ்சியவற்றில் பல, யாரோ ஒரு ரசிகர் வீட்டில் சொந்தச் செலவில் பதிந்து அலமாரியில் வைத்திருந்தவை. காண்டிராக்டர்கள் அழித்ததை டிக்கெட் வாங்கியவர்கள் காத்தார்கள். எனக்கு இந்த ஏக்கத்தில் மரியாதை பிறப்பது அந்த அலமாரிகளை நினைக்கும்போதுதான்.

அப்படி மிஞ்சியவற்றில் ஒன்று 1981-இல் எடுத்தது. டெக்சாஸ் பயில்வான் டெர்ரி ஃபங்க், ‘மெம்ஃபிஸ் கூட்டமும் மெம்ஃபிஸ் நடுவர்களும் லாலர் பக்கம், ஒருவரும் இல்லாத இடத்தில் வரச் சொல்’ என்று சவால் விட்டார். லாலர் ஒப்புக்கொண்டார். காலியான கோலிசியம். பத்தாயிரத்துக்கு மேற்பட்ட நாற்காலிகளில் ஒருவர் இல்லை. லாலர் கிரீடத்தோடும் அங்கியோடும் வருகிறார், கைதட்ட ஆளில்லை. ஃபங்க் வெற்று நாற்காலிகளைப் பார்த்து வசைபாடுகிறார். அடிக்கிற சத்தம் கூரையில் மோதித் திரும்பி வருகிறது. ஓரத்தில் லான்ஸ் ரஸ்ஸல் ஒருவர் மட்டும் கோட்டுப் போட்டுக்கொண்டு நின்று, வழக்கமான அதே நிதானக் குரலில், நடப்பதை நடந்தபடி சொல்லிக்கொண்டிருக்கிறார். இந்தப் பதிவு என் கணிப்பொறியில் இருக்கிறது. அடுத்த மாதக் கூட்டம் முடிந்தபின் சங்க அறையில் போட்டுக் காட்டச் செயலாளர் சம்மதித்திருக்கிறார். ‘பொய்ச் சண்டை’ நண்பர்களுக்கு முன்வரிசையில் இடம் ஒதுக்கப்படும்.